மாவட்டங்களின் உற்பத்தியையும் மக்களின் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிடுவது எப்படி: வேலூரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொல்கத்தாவிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் ஒரு நோயாளியின் குடும்பம், வேலூரில் மருத்துவமனைக்கும் லாட்ஜுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கும் பணம் வேலூர் மாவட்டத்தின் உற்பத்திக் கணக்கில் சேர்கிறது. எல்லையில் பணியாற்றும் ஒரு படைவீரர் அதே மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்கு மாதந்தோறும் அனுப்பும் சம்பளம் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் அந்த வீட்டின் அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்தப் பணத்தில்தான். வாலாஜாவில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர் உருவாக்கும் மதிப்பு காஞ்சிபுரம் மாவட்டத்தின் உற்பத்தியாகிறது. அவர் வாங்கும் கூலி ராணிப்பேட்டை மாவட்டத்துக் கடைகளில் செலவாகிறது.

இந்த மூன்று பணப்போக்குகளையும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் இவ்வழிகாட்டியின் பாதியைக் கடந்தாயிற்று. ஓர் இடத்தில் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதும், அங்கே வாழ்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதும் தனித்தனியாக எழுத வேண்டிய இரண்டு கணக்குகள். செய்தித்தாள்களிலும் மேடைப் பேச்சுகளிலும், கல்லூரி மாணவர்கள் செய்யும் ஆய்வுத் திட்டங்களிலும்கூட, இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதைப் பலமுறை கண்டதால்தான், அரசு வெளியிடும் புள்ளிவிவரங்களைக் கொண்டே யாரும் செய்யக்கூடிய ஒப்பீட்டு முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எல்லையைச் சரிபாருங்கள்

எந்த எண்ணை எடுப்பதற்கு முன்பும், அந்த எண் எந்த நிலப்பரப்பைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். வட ஆற்காடு மாவட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இதற்குக் கிடைக்காது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோது வட ஆற்காட்டின் ஒரு பெரும்பகுதி பிரிந்து போனது; 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது; எஞ்சிய பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது; 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அதிலிருந்து தனி மாவட்டங்களாயின. ஆகவே 'வேலூர் மாவட்டம்' என்ற ஒரே பெயர், ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு பரப்பைக் குறிக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,36,331. இன்றைய எல்லைகளின்படி அதே கணக்கெடுப்பைப் பிரித்தால் வேலூருக்கு 16,14,242, ராணிப்பேட்டைக்கு 12,10,277, திருப்பத்தூருக்கு 11,11,812 வருகின்றன. மூன்றையும் கூட்டினால் பழைய எண் பிசகாமல் கிடைக்கும். இப்படிக் கூட்டிப் பார்ப்பதே எல்லையைச் சரிபார்க்கும் எளிய வழி. இதைச் செய்யாமல், பிரிவினைக்குப் பிந்தைய வேலூரின் உற்பத்தியைப் பழைய 39.36 லட்சத்தால் வகுத்துவிட்டால், தலா மதிப்பு உண்மையில் இருப்பதில் 41 சதவீதமாகச் சுருங்கிவிடும். மாவட்டம் ஒரே இரவில் ஏழையாகிவிட்டது என்று அந்த எண் பொய் சொல்லும்.

பிரிவினை தொழில்களையும் பிரித்தது என்பது இன்னும் முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் பதனிடும் ஆலைகளும் ஷூ கம்பெனிகளும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பொதுத்துறையான பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையும் சிப்காட் தொழிற்பேட்டையும் ராணிப்பேட்டையோடு போயின. 1900-இல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1984-இல் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகமும், பேரணாம்பட்டின் தோல் தொழிலும், குடியாத்தத்தின் தீப்பெட்டி, கைத்தறித் தொழில்களும் வேலூரில் நின்றன. எனவே 2019-க்கு முன்னும் பின்னும் ஒப்பிட விரும்புகிறவர், மூன்று மாவட்டங்களையும் கூட்டி ஒரே பரப்பாக வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். வேறு நேர்வழி இல்லை.

இரண்டாம் படி: எந்த உற்பத்தி அளவை எடுக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

உற்பத்தி என்றால் விற்பனை அல்ல, சேர்க்கப்பட்ட மதிப்பு. ஒரு தோல் ஆலை 60 ரூபாய்க்குப் பச்சைத் தோலும் 15 ரூபாய்க்கு ரசாயனமும் மின்சாரமும் வாங்கி, பதனிட்ட தோலை 100 ரூபாய்க்கு விற்றால், கணக்கில் வருவது 25 ரூபாய் மட்டுமே. கூலி, வட்டி, வாடகை, லாபம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் அந்த 25-க்குள் அடங்கும். எல்லாத் தொழில்களின் சேர்க்கப்பட்ட மதிப்பையும் கூட்டி, பொருள்கள் மீதான வரியைச் சேர்த்து மானியத்தைக் கழித்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தி கிடைக்கும். மாநிலத்துக்குச் செய்தால் மொத்த மாநில உள்நாட்டு உற்பத்தி. அதிலிருந்து தேய்மானத்தைக் கழித்தால் நிகர மாநில உள்நாட்டு உற்பத்தி. அதை மக்கள்தொகையால் வகுத்தால் வருவதையே நம் நாட்டில் மாநிலத்தின் 'தலா வருமானம்' என்கிறார்கள்.

இந்தச் சொல்லில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மக்கள் கையில் வந்த பணம் என்று அது தோன்றினாலும், உண்மையில் அது அந்த மண்ணில் விளைந்த மதிப்பைத் தலைக்குப் பகிர்ந்த எண் மட்டுமே. நம் மாநிலக் கணக்குகள் வருமானம் தோன்றும் இடத்தை வைத்துப் போடப்படுகின்றன. அது போய்ச்சேரும் இடத்தை வைத்து அல்ல. மும்பையில் இருக்கும் பங்குதாரருக்குப் போகும் லாபமும் ராணிப்பேட்டை ஆலையில் தோன்றியிருந்தால் இங்கேதான் சேரும். வளைகுடா நாட்டிலிருந்து வாணியம்பாடி வீட்டுக்கு வரும் பணம் சேராது.

நடப்பு விலை (அந்தந்த ஆண்டின் விலை), நிலையான விலை (ஓர் அடிப்படை ஆண்டின் விலை) என்ற இரண்டில் எதை எடுப்பது என்பதற்கு ஒரு சுருக்கமான விதி போதும்: ஒரே ஆண்டில் இரண்டு இடங்களை ஒப்பிட நடப்பு விலை, ஓர் இடத்தின் வளர்ச்சியை ஆண்டுகளினூடே பார்க்க நிலையான விலை. 2023-24-இல் தமிழ்நாட்டின் உற்பத்தி நடப்பு விலையில் ஏறத்தாழ 27 லட்சம் கோடி ரூபாய்; 2011-12 விலையில் ஏறத்தாழ 15.7 லட்சம் கோடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் விலை ஏறியதால் வந்தது.

மூன்றாம் படி: மாவட்ட எண் எப்படி உருவானது என்று கேளுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மாவட்ட ஒப்பீடுகள் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் மாவட்ட உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடுவது மாநிலத்தின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை. நெல், கரும்பு, நிலக்கடலை போன்ற பயிர்களுக்கு மாவட்டத்திலேயே பரப்பும் விளைச்சலும் அளக்கப்படுவதால் அந்தப் பகுதி ஓரளவு நேரடியான எண். பதிவுபெற்ற தொழிற்சாலைகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தொழில் ஆய்வு இருக்கிறது. ஆனால் ரயில்வே, வங்கி, காப்பீடு, மத்திய அரசு நிர்வாகம் போன்றவை மாநில எல்லைகளைத் தாண்டிப் பரவியவை என்பதால், தேசிய அளவில் கணக்கிட்டு மாநிலங்களுக்குப் பங்கிடுகிறார்கள். மாநிலத்துக்கு வந்த பங்கை ஏதாவது ஒரு குறியீட்டை வைத்து மாவட்டங்களுக்குப் பிரிக்கிறார்கள்.

முறைசாராத் தொழில்களின் நிலைமை இதைவிட நுட்பமானது. குடியாத்தத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களின் உற்பத்தியை ஒவ்வோர் ஆண்டும் யாரும் நேரில் அளப்பதில்லை. 2011-12-ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்குகளில், எப்போதோ நடந்த ஓர் அடிப்படை ஆய்விலிருந்து ஒரு தொழிலாளிக்குச் சராசரியாக இவ்வளவு சேர்க்கப்பட்ட மதிப்பு என்று எடுத்து, அதைத் தொழிலாளர் எண்ணிக்கையால் பெருக்கினார்கள். அந்தச் சராசரி மாநிலம் முழுவதற்கும் ஒன்றே என்றால், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவது தொழிலாளர் எண்ணிக்கை மட்டும்தான்.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். இப்படிப் பங்கிட்டு வந்த எண்ணை எடுத்து, 'இந்த மாவட்டத்துத் தொழிலாளி அந்த மாவட்டத்துத் தொழிலாளிக்குச் சமமான உற்பத்தித்திறன் உடையவர்' என்று ஒருவர் முடிவு சொன்னால், கணக்கு போட்டவர் தொடக்கத்திலேயே வைத்த அனுமானத்தை அவர் கண்டுபிடிப்பாகத் திருப்பிச் சொல்கிறார். ஆகவே மாவட்ட உற்பத்தியைத் துறைவாரியாகப் பிரித்து, எது நேரடியாக அளக்கப்பட்டது, எது பங்கிடப்பட்டது என்று இரண்டு பத்திகளாக எழுதிவையுங்கள். பங்கிடப்பட்ட பத்தி பெரிதாக இருக்கும் மாவட்டங்களை வரிசைப்படுத்தும்போது, இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். 7-ஆம் இடமா 9-ஆம் இடமா என்ற வாக்குவாதத்துக்கு அந்த எண்கள் தாங்காது.

வகுக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதன் பின்னான தலா எண்கள் எல்லாமே 2011-ஐ அடிப்படையாகக் கொண்ட மதிப்பீட்டு மக்கள்தொகையால் வகுக்கப்பட்டவை. வெளியிலிருந்து ஆட்கள் வேகமாகக் குடியேறிய மாவட்டங்களில் மெய்யான மக்கள்தொகை அதிகமாக இருக்கலாம்; அப்போது தலா வருமானம் இல்லாத உயரத்தில் தெரியும்.

நான்காம் படி: உற்பத்தியின் பக்கத்தில் நுகர்வை வையுங்கள்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு, ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறது. பணம் எங்கே ஈட்டப்பட்டது என்று அது பார்ப்பதில்லை. படைவீரர் அனுப்பிய பணமும் ஸ்ரீபெரும்புதூர்க் கூலியும் செலவாகும் வீட்டில் பதிவாகிவிடுகின்றன.

ஒரே ஆண்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022-23-இல் தமிழ்நாட்டின் தலா வருமானம் 2.78 லட்சம் ரூபாய், நாட்டின் சராசரி 1.69 லட்சம் என்று மாநிலத்தின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை கூறுகிறது. அதாவது தேசிய சராசரியைப் போல் 1.64 மடங்கு. அதே 2022-23 நுகர்வு ஆய்வில், ஊரகத் தமிழ்நாட்டில் ஒருவரின் மாதச் செலவு 5,310 ரூபாய். நாட்டின் ஊரகச் சராசரி 3,773. இது 1.41 மடங்கு. நகர்ப்புறத்தில் தமிழ்நாடு 7,630, நாடு 6,459. இது வெறும் 1.18 மடங்கு.

1.64 எப்படி ஊரகத்தில் 1.41 ஆகவும் நகரத்தில் 1.18 ஆகவும் குறைந்தது? லாபத்தின் ஒரு பகுதி வெளியே போகிறது. வரியாக ஒரு பகுதி போகிறது. சேமிப்பு செலவில் வராது. பெரும் செல்வர்களின் வீட்டுக் கதவு ஆய்வாளருக்கு எளிதில் திறப்பதில்லை என்பதால் அவர்கள் செலவு குறைவாகவே பதிவாகிறது. இவை எல்லாம் சேர்வதால், உற்பத்தியில் காணும் முன்னிலை வாழ்க்கையில் அதே அளவுக்குத் தெரிவதில்லை.

இதே எண்களில் இன்னொரு பாடமும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நகர மக்கள் 48.4 சதவீதம், நாட்டில் 31.2 சதவீதம். இந்த விகிதங்களைக் கொண்டு ஊரகச் செலவையும் நகரச் செலவையும் சேர்த்துச் சராசரி போட்டால் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 6,430 ரூபாயும் நாட்டுக்கு 4,610 ரூபாயும் வரும், அது 1.40 மடங்கு. ஊரகத்தில் 1.41, நகரத்தில் 1.18 என்றால் சேர்ந்த சராசரி நடுவில் 1.3 அளவில் இருக்கும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லாததற்குக் காரணம், செலவு அதிகமாகும் நகரங்களில் நம் மக்களில் அதிகம் பேர் வாழ்வதே. எனவே ஊரகத்தை ஊரகத்தோடும் நகரத்தை நகரத்தோடும் தனியாக ஒப்பிட்ட பிறகே சேர்ந்த சராசரியைச் சொல்ல வேண்டும்.

மாநிலங்களுக்கிடையே வரிசை தலைகீழாவதையும் காணலாம். தலா வருமானத்தில் கேரளத்தைவிடத் தெலங்கானா மேலே நிற்கிறது. 2022-23 ஆய்வில் ஊரகக் கேரளத்தில் மாதச் செலவு 5,924 ரூபாய், ஊரகத் தெலங்கானாவில் 4,802. ஹைதராபாத்தில் உருவாகும் மதிப்பு கிராமத்தை எட்டுவதற்கும், வெளிநாட்டிலிருந்து நேரே கேரளக் கிராமத்து வீட்டுக்குப் பணம் வருவதற்கும் உள்ள வேறுபாட்டை இதில் பார்க்கிறேன்.

மாவட்ட அளவில் இந்த ஆய்வைப் பயன்படுத்தும்போது கட்டுப்பாடு வேண்டும். ஒரு மாவட்டத்தில் கேட்கப்பட்ட குடும்பங்கள் குறைவு. மாநிலத்துக்கு நம்பத்தக்க எண் தருவதற்காக வகுக்கப்பட்ட மாதிரி அது. அதிலிருந்து திருப்பத்தூருக்கு ஒரு சராசரியை உருவி எடுத்து வேலூரோடு ஒப்பிடுவது பொருந்தாது.

ஐந்தாம் படி: விலை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளுங்கள்

ஒரே 100 ரூபாய் சென்னையில் வாங்கித் தருவதும் ஆற்காட்டில் வாங்கித் தருவதும் ஒன்றல்ல. வீட்டு வாடகையைக் கேட்டாலே தெரியும். ஆனால் இதைச் சரிசெய்ய நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்துவிடாதீர்கள். அந்தக் குறியீடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் அடிப்படை ஆண்டில் 100 என்று தொடங்குகிறது. ஒரு மாநிலத்தில் அது 190, மற்றொன்றில் 180 என்றால், முதல் மாநிலத்தில் விலை வேகமாக ஏறியிருக்கிறது என்று மட்டுமே பொருள். எந்த மாநிலத்தில் விலை அதிகம் என்பதை அது சொல்லவே சொல்லாது. நல்ல ஆய்வேடுகளில்கூட இந்தப் பிழையைக் கண்டிருக்கிறேன்.

இடத்துக்கு இடம் விலை மட்டம் எப்படி மாறுகிறது என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய, ஆனால் பயனுள்ள, அளவுகோல் வறுமையை அளக்கும் முறையை வகுத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12-க்குத் திட்டக்குழு வெளியிட்ட மாநில வறுமைக்கோடுகள். ஊரகத்தில் ஒருவருக்கு மாதம் ஒடிசாவில் 695 ரூபாய், தமிழ்நாட்டில் 880, கேரளத்தில் 1,018. ஒப்பான வாழ்க்கை மட்டத்தை எட்ட ஒடிசாவில் 100 ரூபாய் போதுமென்றால், கேரளத்தில் 146 ரூபாய் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் ஊரகக் கோடு 880, நகரக் கோடு 937. இந்த விகிதங்களைக் கொண்டு நுகர்வுச் செலவை வகுத்துப் பார்த்தால் மாநிலங்களுக்கிடையேயான இடைவெளி எவ்வளவு குறைகிறது என்பது தெரியும். ஆண்டு பழையது என்பதை அட்டவணையின் கீழே எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: பணமில்லாத அளவுகளைச் சேருங்கள்

நிதி ஆயோக் வெளியிடும் பன்முக வறுமைக் குறியீடு, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்ற மூன்று பிரிவுகளில் ஊட்டச்சத்து, தாய்நலம், பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பிடம், குடிநீர், வீடு, வங்கிக் கணக்கு உள்ளிட்ட 12 குறிகளைப் பார்க்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றைக் கொண்டு கணக்கிட்டதில் பன்முக வறுமையில் இருப்போர் நாட்டில் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம், கேரளத்தில் 0.55 சதவீதம், பீகாரில் 33.76 சதவீதம். அந்தச் சுற்றில் மாவட்டங்கள் 2017 எல்லைகளின்படி எடுக்கப்பட்டவை என்பதால், அதில் உள்ள வேலூர் மூன்று மாவட்டங்களும் சேர்ந்த பழைய வேலூர். முதல் படியை மறந்தவர்கள் இங்கே இடறுவார்கள்.

பல குறிகளை ஒரே எண்ணாகச் சேர்க்க விரும்புகிறவர்கள், சராசரியை எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். உடல்நலம் 0.9, கல்வி 0.8, வருமானம் 0.2 என்று ஒரு மாவட்டமும், 0.6, 0.65, 0.65 என்று இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி இரண்டுக்கும் 0.63. பெருக்குச் சராசரி (மூன்றையும் பெருக்கி, அதன் கனமூலம்) போட்டால் முதலாவது 0.52 ஆக இறங்கும், இரண்டாவது 0.63 ஆகவே நிற்கும். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனிதவள மேம்பாட்டுக் குறியீடு 2010-இல் பெருக்குச் சராசரிக்கு மாறியது. ஒன்றில் மிகுந்திருப்பது இன்னொன்றின் வறட்சியை மறைத்துவிடக் கூடாது என்பதே அதன் நியாயம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எந்த முறையானாலும், இரண்டு வகையிலும் கணக்கிட்டு, வரிசை மாறும் மாவட்டங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

ஏழாம் படி: கணக்கில் கழிக்கப்படாததை எழுதுங்கள்

பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இந்தப் படியை விளக்கத் தேவையில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதென்ற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் முதற்கட்ட மதிப்பீட்டை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு அறிவித்தது.

இப்போது உற்பத்திக் கணக்கைப் பாருங்கள். தோல் ஏற்றுமதி சேர்க்கப்பட்ட மதிப்பாக ஏறியது. நிலம் கெட்டதற்கு எந்தக் கழிவும் இல்லை. தேய்மானம் என்பது இயந்திரம், கட்டடம் போன்று மனிதர் உருவாக்கியவற்றுக்கு மட்டுமே உண்டு. கிணற்று நீர் கெட்டு லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கினால் அதுவும் உற்பத்தியாகவே கூடும். அதே தொழில்தான் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆயிரக்கணக்கான பெண்களின் கையில் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் இந்த மண்ணுக்கு நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

எட்டாம் படி: காலத்தையும் உள்ளேயிருக்கும் பிளவையும் பாருங்கள்

தேசிய சராசரியை 100 என்று வைத்து ஒரு பகுதியின் நிலையை நீண்ட காலத்துக்குத் தொடர்ந்து பார்க்கும் முறை மிகவும் பயனுள்ளது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வுத்தாளின்படி, மேற்கு வங்கத்தின் தலா வருமானம் 1960-61-இல் 127.5 ஆக இருந்து 2023-24-இல் 83.7 ஆனது. இது அந்த மாநிலம் ஏழையாகிவிட்டது என்று சொல்வதில்லை; நாட்டின் சராசரி ஏறிய வேகத்தில் அது ஏறவில்லை என்று மட்டுமே சொல்கிறது.

கடைசியாக, மாவட்டச் சராசரிக்கு உள்ளே செல்ல வேண்டும். வேலூர் மாநகரின் மருத்துவமனைச் சாலையும், அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை மலைக் கிராமங்களும் ஒரே மாவட்ட எண்ணுக்குள் இருக்கின்றன. நாட்டின் மறுகோடியிலிருந்து நோயாளிகள் தேடிவரும் மருத்துவமனை, மலையிலிருந்து இறங்க நல்ல சாலை இல்லாத தாய்க்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை எந்தத் தலா வருமானமும் காட்டாது. ஒன்றியவாரியாகக் கிடைப்பவை உற்பத்தி எண்கள் அல்ல. கணக்கெடுப்பின் கிராம விவரங்கள், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர், பஸ் வசதி ஆகியவைதான். அவற்றைக் கொண்டு மாவட்ட அட்டவணைக்கு அடியில் ஒன்றியங்களுக்கென ஒரு சிறு அட்டவணை போடுங்கள். ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஆண்டு, எல்லை, விலை அடிப்படை, அளந்ததா பங்கிட்டதா, முதல் மதிப்பீடா திருத்திய மதிப்பீடா என்ற ஐந்தையும் எழுதிய பிறகு, அதில் மிகத் தாழ்வாக வந்த ஒரு கிராமத்துக்கும் மிக உயர்வாக வந்த ஒரு கிராமத்துக்கும் நேரில் போய், அட்டவணை சொல்வது அங்கே பொருந்துகிறதா என்று கேட்டு வாருங்கள்.